117

ரம்ஸுக்கு வடக்கே, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால்
ஒரு சிப்பிமேடு.
குழாய் போடப் போகிறார்கள். அதற்குள்
தோண்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி
ஏழு வாரம் தவணை.

முதல் நாளே மோஸா சொல்லிவிட்டாள்:
பொருளைத் தேடாதே, நிறத்தைப் பார்.
தெளிப்பானால் தண்ணீர் அடித்தாள்.
காய்ந்திருந்தவரை எல்லாம் ஒரே மணல்.
நனைந்ததும் ஆறு கறுப்பு வட்டங்கள்
பிறை போல வளைந்து நின்றன.

நட்ட மரம் எப்போதோ மக்கிவிட்டது.
அது நின்ற பள்ளத்தில் வேறு மண் வந்து படுத்துக்கொண்டது.
அந்த வேறு மண்தான் இப்போது எங்களுக்குக் கம்பம்.
ஆறாவதைப் பாதியாக அறுத்துப் பார்த்தோம்,
கீழே போகப் போக வளைந்தது.
கம்பம் நேராக இறங்கும்,
நண்டுதான் வளைந்து போகும்.
ஆக, ஐந்து.

கரித்திட்டு ஒன்று வந்தது. அடுப்பு, என்றேன்.
அவள் பதில் சொல்லாமல் கரணையால் சீவிக்கொண்டே போனாள்.
அடிமண் சிவக்கவில்லை.
இது எரிந்த இடம் இல்லை,
எரிந்ததை வாரிக் கொட்டிய இடம்.

பிறகு ஒரு விலா எலும்பு. கல் கனம்.
ஒட்டகம் என்று குல் ஜமான் சத்தியமே செய்தான்.
நான் தொண்டிக்காரன். உடைந்த முனையைப் பார்த்தேன்.
உள்ளே பஞ்சே இல்லை, முழுக்கக் கெட்டி.
ஆவுளியா, என்றேன்.
அந்தச் சொல் யாருக்கும் புரியவில்லை.
இரண்டு கையையும் துடுப்பாக்கி அசைத்துக் காட்டினேன்.
மோஸா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், கிழக்குச் சுவரில்
எல்லா அடுக்கையும் மேலிருந்து கீழே கிழித்துக்கொண்டு
ஒரு குறுகல் வாய்க்கால்.
நவீன வெட்டு, என்று 117 போட்டாள்.
நவீனம்தானே என்று விட்டுவிடவில்லை.
அதே தூரிகை, அதே சல்லடை.

சல்லடையில் லெபன் மூடி ஒன்று நின்றது.
காலாவதி ஆகஸ்ட் பதினாலு என்று அச்சு.
கெட்டுப்போகும் வரை யாரும் வைத்துக் குடிக்க மாட்டான்,
அதற்கு நாலைந்து நாள் முந்தி என்று வை, என்றாள்.
சுவரில் குந்தாலித் தழும்புகள்.
பதினோரு மீட்டர் வரை இடப்பக்கம் சாய்ந்திருந்தன,
அப்புறம் வலம்.

இரண்டு பேர், என்றாள் மோஸா.
ஒருவன் இடக்கை. அவன் களைத்ததும்
மற்றவன் வாங்கியிருக்கிறான்.
மூடியும் கைமாறின இடத்திலேதான் கிடக்கிறது, பார்.
உட்கார்ந்து பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள்.

நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனேன்.

டெலிபோன் கேபிள். அப்போது வேறு கம்பெனி.
ஆறு வருஷம் இருக்கும்.
இந்த மேடு என்னவென்று யாரும் சொல்லவில்லை,
சிப்பி பூட்ஸைக் கிழிக்கும் என்பது மட்டும் தெரியும்.
கூட வரவேண்டியவன் காய்ச்சலென்று கேம்ப்பில் படுத்துவிட்டான்.
இடது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது.
வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.

சொல்லியிருக்கலாம்.
வாயெடுக்கிறேன், அதற்குள் அவள் எழுதிவிட்டாள்.
படிவத்தில் விளக்கம் என்ற கட்டத்துக்குள்
பென்சிலால்: இருவர்.
பக்கத்தில் எறும்பளவு ஒரு கேள்விக்குறி.

கடைசி வாரம் மேட்டின் மறுசரிவில்
நிஜ அடுப்புகளே கிடைத்தன, மூன்று.
அடிமண் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது.
மூன்று குடும்பம், என்று எழுதியிருக்கிறாள்.
இருக்கலாம்.
காற்று திரும்பும்போதெல்லாம்
ஒருத்தியே அடுப்பை மாற்றிப் போட்டிருக்கலாம்.
புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு,
ஒற்றை ஆளுக்கு,
ஒற்றை மீனை.

வெட்டிய குழிகளை மூடத் தொடங்கிவிட்டோம்.
ராத்திரி தூக்கம் பிடிக்காதபோது
அந்த இரண்டாவது ஆளை நினைத்துக்கொள்கிறேன்.
வலக்கைக்காரன்.
பதினோராவது மீட்டரில்
ஒரு வார்த்தை கேட்காமல் குந்தாலியை வாங்கிக்கொண்டவன்.
மூடியைப் பல்லால் கிழித்து
முதல் மடக்கை என் பக்கம் நீட்டியவன்.